கைகோர்த்து விழுதல்: கூட்டு வடிவ ஸ்கைடைவிங் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விமானத்திலிருந்து பலர் ஒன்றாகக் குதித்து, பாராசூட்டை விரிப்பதற்கு முன்பே நடுவானில் ஒருவரையொருவர் பிடித்து ஒரு வடிவத்தை அமைக்கும் விளையாட்டைப் பற்றி, ஆர்வலர்களும் அவர்களுடைய வீட்டாரும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்து விடையளித்திருக்கிறேன். இந்த விளையாட்டின் இன்பம், ஆபத்து இரண்டுக்குமே காரணம் பக்கத்தில் விழுந்துகொண்டிருக்கும் இன்னொரு மனிதர்தான் என்பது என் உறுதியான கருத்து. விடைகள் பெரும்பாலும் அதைச் சுற்றியே அமைந்திருக்கின்றன.

கூட்டு வடிவ ஸ்கைடைவிங் என்பது என்ன?

இருவரோ அதற்கு மேற்பட்டவர்களோ பாராசூட் விரியாத நிலையில், வயிறு தரையை நோக்கியிருக்க விழுந்துகொண்டே, ஒருவர் மற்றவருடைய கையையோ காலையோ உடையில் தைக்கப்பட்டிருக்கும் பிடியையோ பற்றி, முன்னரே திட்டமிட்ட உருவத்தை அமைப்பதே இது. தொடக்க காலத்தில் இதை ‘ரிலேட்டிவ் வொர்க்’ என்று அழைத்தார்கள். தரையைக் கணக்கில் கொள்ளாமல், உடன் விழுபவரைச் சார்ந்தே தன் அசைவுகளை அமைத்துக்கொள்வதால் அந்தப் பெயர் வந்தது. மூத்த குதிப்பாளர்கள் பேச்சில் அது இன்னும் வழங்குகிறது.

விழுந்துகொண்டிருப்பவர்கள் எப்படி ஒருவரையொருவர் நெருங்க முடிகிறது?

குப்புறப் படுத்த நிலையில் விழும் உடல் மணிக்கு ஏறத்தாழ 190 கிலோமீட்டர் வேகத்தை எட்டியதும் காற்றின் எதிர்ப்பு எடையைச் சமன்செய்துவிடுகிறது. அதன்பின் வேகம் கூடுவதில்லை. பக்கத்தில் இருப்பவரும் அதே வேகத்தில் விழுவதால், அவர் நம் கண்ணுக்கு அசையாமல் மிதப்பவரைப் போலவே தெரிவார். காலை நீட்டினால் உடல் முன்னால் நகரும். முழங்காலை மடக்கிக் கையை முன்னே கொண்டுவந்தால் பின்னால் நகரும். இடுப்பை முன்தள்ளி உடலை வில்லாக வளைத்தால் சற்று வேகமாக இறங்கலாம். முதுகைக் கூன்போட்டுக் கைகால்களை விரித்தால் வேகம் குறையும்.

ஒரே அணியில் ஐம்பது கிலோ எடையுள்ளவரும் தொண்ணூறு கிலோ எடையுள்ளவரும் இருந்தால் இருவரும் ஒரே சீராக விழமாட்டார்கள். அதனால் மெலிந்தவர் இடுப்பில் ஈயக்குண்டுப் பட்டை கட்டிக்கொள்வார், கனத்தவர் தொளதொளப்பான உடை அணிவார். எத்தனை பேர் இருந்தாலும் எல்லாரும் ஒரே வேகத்தில் விழுந்தாக வேண்டும் என்பதே இந்த விளையாட்டின் முதல் நிபந்தனை.

இது எப்போது தொடங்கியது?

கட்டற்ற வீழ்ச்சியில், அதாவது பாராசூட் விரியாமல் விழும்போது, ஒருவர் மற்றவரிடம் ஒரு கோலைக் கைமாற்றுவதுதான் 1950-களின் இறுதியில் பெரும் சாதனையாக இருந்தது. இருவர் நெருங்க முடியும் என்பது அதில் உறுதியான பின், எத்தனை பேர் கைகோர்க்க முடியும் என்பதே அடுத்த கேள்வியானது. கலிஃபோர்னியாவின் ஆர்வின், டாஃப்ட் பகுதிகளில் குதித்துவந்த ஒரு கூட்டம் 1965-இல் எட்டுப் பேர் வட்டமாகக் கைகோர்த்த ‘நட்சத்திரத்தை’ முதன்முதலாக அமைத்துக் காட்டியது.

அந்தக் கூட்டத்தின் உந்துசக்தியாக இருந்தவர் பாப் புகோர். ஹெல்மெட்டில் கேமராவைப் பொருத்திக்கொண்டு குதித்தவர் அவர். 1966-இல், மாலிபு கடற்கரைக்கு அப்பால் ஒரு திரைப்படக் காட்சிக்காகக் குதித்தபோது கடலில் மூழ்கி இறந்தார். எட்டுப் பேர் கொண்ட நட்சத்திரத்தில் இடம்பெற்ற ஒவ்வொருவருக்கும் வழங்கப்படும் விருதுக்கு அவர் பெயரையே சூட்டினார்கள். இந்த விளையாட்டில் ஒருவர் முதலில் பெற விரும்பும் அங்கீகாரம், அதற்காக உயிர்கொடுத்த ஒருவரின் நினைவைச் சுமந்துகொண்டிருக்கிறது. விருதைப் பெறுகிற இளைஞர்கள் அந்த வரலாற்றையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

போட்டிகள் எப்படி நடக்கின்றன?

ஆரம்பத்தில் பத்துப் பேர் விமானத்திலிருந்து வெளியேறி எத்தனை வினாடியில் வட்டத்தை நிறைவுசெய்கிறார்கள் என்பதே போட்டி. முதல் உலகச் சாம்பியன்ஷிப் 1975-இல் மேற்கு ஜெர்மனியின் வாரண்டார்ஃபில் நடைபெற்றது. பின்னாளில், ஒரு வடிவத்தை அமைத்து அதைக் கலைத்து அடுத்த வடிவத்துக்கு மாறும் தொடர் வடிவப் போட்டி முதன்மை பெற்றது.

இன்றைய நால்வர் போட்டியில் அணி ஏறத்தாழ 10,500 அடி உயரத்தில் வெளியேறுகிறது. அவர்களுக்குக் கிடைப்பது 35 வினாடிகள். ஒற்றை வடிவங்கள் 16, பெரும்பாலும் இருவர் இருவராகச் சுழன்று மாறும் தொகுதிகள் 22 என விதிநூலில் வரையறுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு சுற்றிலும் எவற்றை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பது குலுக்கலில் முடிவாகும். ஒவ்வொரு சரியான வடிவமும் ஒரு புள்ளி. ஒரு பிடி விட்டுப்போனாலும், எல்லாரும் முழுமையாகப் பிரியாமல் அடுத்ததற்கு நகர்ந்தாலும் புள்ளி பறிபோகும். தலைசிறந்த அணிகள் ஒரே குதிப்பில் இருபத்தைந்துக்கும் மேற்பட்ட புள்ளிகளை எடுக்கின்றன.

அணியின் ஐந்தாவது உறுப்பினர் ஒளிப்பதிவாளர். நால்வருக்கும் சற்று மேலே விழுந்தபடி அவர் பதிவுசெய்வதைத்தான் நடுவர்கள் தரையில் அமர்ந்து பார்த்து மதிப்பிடுகிறார்கள். அவருடைய சட்டகத்திலிருந்து ஒருவர் நழுவிவிட்டால் அணியின் உழைப்பு வீண்.

ஒரு நால்வர் குதிப்பு அருகிலிருந்து பார்த்தால் எப்படியிருக்கும்?

அது தரையில்தான் தொடங்குகிறது. சக்கரம் பொருத்திய பலகையில் ஒவ்வொருவரும் குப்புறப் படுத்துக்கொண்டு, சிமெண்டுத் தரையில் உருண்டபடி, எந்தக் கை யாருடைய முழங்காலைப் பற்ற வேண்டும், கண் யாரைப் பார்க்க வேண்டும் என்று திரும்பத் திரும்ப ஒத்திகை பார்ப்பார்கள். விமானம் மேலேறும்போது பேச்சு குறையும். கண்ணை மூடிக்கொண்டு விரல்களை மட்டும் அசைத்து வரிசையை மனத்தில் ஓட்டிக்கொண்டிருப்பவர்களைக் காணலாம்.

கதவு திறந்ததும் இருவர் வெளிப்பக்கக் கம்பியைப் பற்றியபடி விமானத்துக்கு வெளியே தொங்குவார்கள். மற்ற இருவர் வாசலில் குந்தி, வெளியே இருப்பவர்களின் பிடிகளைப் பற்றியிருப்பார்கள். எஞ்சின் இரைச்சலில் குரல் கேட்காது. அதனால் நடுவிலிருப்பவர் உடலை முன்னும் பின்னும் ஆட்டித் தாளமிடுவார், அந்த அசைவு பிடிகளின் வழியே நால்வருக்கும் கடத்தப்படும். மூன்றாவது அசைவில் எல்லாரும் ஒரே உடலாக வெளியேறுவார்கள். விமானத்தின் முன்வேகத்தால் அப்போது காற்று கீழிருந்து வராமல் முன்னாலிருந்து வீசும். அதைச் சாய்ந்து வாங்கிக்கொள்ளத் தெரியாத அணி அங்கேயே சிதறிப்போகும். முதல் புள்ளி வாசலிலேயே தீர்மானமாகிவிடுகிறது என்று பயிற்சியாளர்கள் சொல்வது இதனால்தான்.

இதுவரை அதிகபட்சம் எத்தனை பேர் சேர்ந்திருக்கிறார்கள்?

நானூறு பேர். 2006 பிப்ரவரி 8 அன்று தாய்லாந்தின் உடோன் தானியில், 31 நாடுகளைச் சேர்ந்தவர்கள் ‘வேர்ல்டு டீம்’ என்ற பெயரில் ஒன்றுகூடி, தாய்லாந்து விமானப்படையின் ஐந்து ஹெர்குலிஸ் விமானங்களில் ஏறத்தாழ 25,000 அடி உயரத்துக்குச் சென்று குதித்தார்கள். வடிவம் முழுமையாக நின்றது 4.25 வினாடிகள்.

அந்த இலக்கை எட்டுவதற்கு முன் பல படிகள் இருந்தன. 1992-இல் தென் கரோலினாவின் மிர்ட்டில் பீச்சில் 200 பேர். 2002-இல் அரிசோனாவின் ஈலாயில் 300 பேர். 2004-இல் தாய்லாந்திலேயே 357 பேர். பெண்கள் மட்டுமே பங்கேற்ற சாதனைகளில், மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டுவதற்காக 2009-இல் கலிஃபோர்னியாவின் பெர்ரிஸில் 181 பெண்கள் அமைத்த வடிவம் குறிப்பிடத்தக்கது.

எண்ணிக்கை கூடினால் சாதனை தானாக வந்துவிடாது. யார் எந்த இடத்தில், எந்தக் கையால், யாரைப் பற்ற வேண்டும் என்பது குதிப்பதற்கு முன்பே அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது பேர் சரியாக இருந்து, ஒருவர் மட்டும் கையெட்டும் தூரத்தில் மிதந்துகொண்டிருந்தாலும் அந்த முயற்சி கணக்கில் வராது.

இதில் அப்படி என்ன இன்பம்?

அதிர்ச்சிக் கிளர்ச்சி என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். முதல் சில குதிப்புகளுக்கு அது உண்மை. நூற்றுக்கணக்கில் குதித்தவர்களை இழுப்பது வேறொன்று என்றே நான் கருதுகிறேன். பெரிய வடிவத்தில் உங்கள் இடம் நான்காவது வளையத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியேறியதும் கீழே வண்ண உடைகள் ஒரு புள்ளியாகத் தெரியும். அதை நோக்கிச் சரிந்து பாய்ந்து, தொலைவிலேயே வேகத்தைக் குறைத்து, உங்களுக்கு முன்னவர் இணையும்வரை காத்திருந்து, அவர் கணுக்கால் கைக்கெட்டியதும் மெல்லப் பற்றுகிறீர்கள். இழுக்கக் கூடாது, தள்ளக் கூடாது. நடுவில் யாரோ செய்த சிறு பிழை அலையாகப் பரவி வந்து உங்கள் கையில் நடுக்கமாகத் தெரியும். நீங்கள் அமைதியாக இருந்தால் அந்த நடுக்கம் உங்களோடு நின்றுபோகும். பிறகு ஒரு கணம் எல்லாம் அசைவற்றுப்போகிறது. முகம் தெரியாத, மொழி தெரியாத நூறு பேரின் நிதானம் உங்கள் உள்ளங்கையில் இருக்கிறது. இந்த உணர்வுக்காகவே பல ஆண்டுகள் பயிற்சி செய்கிறவர்கள் இருக்கிறார்கள், அதில் எனக்கு வியப்பில்லை.

மோதல் எப்படி நேர்கிறது?

ஒரே வேகத்தில் விழும்வரை அண்டை ஆள் மென்மையானவர். வேகத்தில் வேறுபாடு வந்துவிட்டால் அவர் ஒரு சுவர். தாமதமாக வெளியேறியவர் தலைகீழாகப் பாய்ந்து வரும்போது மற்றவர்களைவிட மிகுந்த வேகத்தில் வருகிறார். உரிய தொலைவில் நிதானிக்கத் தவறினால் வடிவத்தின்மீது மோதி, தன்னோடு மற்றவர்களையும் காயப்படுத்திவிடுவார்.

இன்னொன்று கண்ணுக்குத் தெரியாதது. விழுகிற ஒவ்வொருவருக்கும் மேலே, அவர் உடல் மறைத்துவிட்ட காற்றின் நிழல் இருக்கிறது. அங்கே காற்று கலங்கித் தளர்ந்திருக்கும். அந்த நிழலுக்குள் நுழைபவருக்கு அடியில் பற்றுக்கோடில்லாமல் போகும். நேரே கீழிருப்பவர் முதுகில் அவர் சரிந்து விழுவார். ஆகவே இன்னொருவரின் தலைக்கு மேலாகக் கடந்து போகக் கூடாது என்பது முதல் நாளிலிருந்தே கற்பிக்கப்படுகிறது.

1987 ஏப்ரலில் அரிசோனாவின் கூலிட்ஜில் நடந்தது இதற்குப் பலரும் அறிந்த சான்று. ஒரு வடிவத்தில் சேரப் பாய்ந்த பெண் மற்றொருவர் மீது மோதி நினைவிழந்தார். கைகால்கள் துவண்டு சுழன்றபடி அவர் விழுவதைக் கண்ட பயிற்சியாளர் ஒருவர், கைகளை உடலோடு ஒட்டித் தலைகீழாகப் பாய்ந்து அவரை எட்டி, அவருடைய பாராசூட்டை விரித்துவிட்டு, அதன்பிறகே தன்னுடையதை விரித்தார். மண்டையோட்டிலும் விலா எலும்புகளிலும் முறிவுகளோடு அந்தப் பெண் பிழைத்துக்கொண்டார்.

மிகவும் ஆபத்தான கட்டம் எது?

பிரியும் கட்டம் என்பேன். பார்வையாளர்கள் கைதட்டுவது கூடும்போது; குதிப்பாளர்கள் கவலைப்பட வேண்டியது விலகும்போது. சிறிய குழுக்கள் வழக்கமாக 4,500 அடி அளவில் பிரிகின்றன. அந்த உயரத்தில் பாராசூட் விரியாத ஒருவர் தரையைத் தொட ஏறத்தாழ 25 வினாடிகளே ஆகும். அதற்குள் எல்லாரும் பின்னால் திரும்பி, கைகளை உடலோடு பின்னுக்கு மடக்கி, கால்களை நீட்டி, கிடைமட்டமாகச் சறுக்கி விலக வேண்டும். சுற்றிலும் பார்க்க வேண்டும். கைகளை ஆட்டி எச்சரித்துவிட்டுப் பாராசூட்டை விரிக்க வேண்டும். ஒருவர் விரிக்கும் நொடியில் அவருக்கு நேர் மேலே இன்னொருவர் இருந்தால், விரிந்த பாராசூட் திடீரென நின்றது போலாகிவிடும். மேலிருப்பவர் அதன்மீதே வந்து விழுவார்.

நூற்றுக்கணக்கானோர் இருக்கையில் எல்லாரும் ஒரே நேரத்தில் விலக இடம் போதாது. அதனால் வெளிவளையம் மிக உயரத்திலேயே பிரிந்து செல்ல, அடுத்தடுத்த வளையங்கள் அலையலையாகப் பின்தொடரும். மையத்தில் இருப்பவர்கள் கடைசியாகப் பிரிவார்கள். வடிவம் இன்னும் நிறைவடையவில்லையே, இரண்டு வினாடி பொறுத்தால் சாதனை கைகூடுமே என்று தோன்றும் வேளையிலும் குறித்த உயரத்தில் பிடியை விட்டுவிட வேண்டும். இந்தக் கட்டுப்பாட்டைக் கடைப்பிடிக்க முடியாதவர் எவ்வளவு திறமையாகப் பறந்தாலும் பெரிய வடிவங்களுக்கு ஏற்றவரல்லர்.

பாராசூட் விரிந்தபின் கதை முடிந்துவிடுவதில்லை. ஒரே வானில் நூறு பாராசூட்டுகள் ஒரே திடலை நோக்கி இறங்கும்போது, யாரேனும் ஒருவர் திட்டமிட்ட திசைக்கு மாறாகத் திரும்பினால் மோதல் நேரும்.

பெரிய சாதனை முயற்சிகளில் உயிரிழப்பு நேர்ந்திருக்கிறதா?

நேர்ந்திருக்கிறது. 2014 ஏப்ரலில் ஈலாயில், 222 பேர் ஒரே குதிப்பில் இரண்டு வடிவங்களை அமைக்கும் முயற்சிகள் நடந்துகொண்டிருந்தபோது, ஜெர்மனியைச் சேர்ந்த அனுபவமிக்க பெண் ஒருவர் இறந்தார். முதன்மைப் பாராசூட் சரியாகச் செயல்படவில்லை. அவசரத்துக்கென்று வைத்திருக்கும் ரிசர்வ் பாராசூட் முழுமையாக விரிய உயரம் போதவில்லை. முயற்சி தொடர்ந்தது, அந்தச் சாதனையும் நிகழ்ந்தது. தொடர்ந்தது சரியா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கேள்வியை உணர்ச்சிவசப்பட்டது என்று நான் ஒதுக்கமாட்டேன்.

விமானத்தாலும் வானிலையாலும் வரும் ஆபத்துகள் யாவை?

குழுவாகக் குதிப்பவர்கள் குழுவாகவே விமானத்தில் ஏறுகிறார்கள் என்பதால், இவ்வகை விபத்துகள் ஒரே நாளில் பலரைக் கொண்டுபோய்விடுகின்றன. 1967 ஆகஸ்ட் 27 அன்று, அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் பி-25 ரகப் பழைய குண்டுவீச்சு விமானத்திலிருந்து 18 பேர் மேகத்துக்கு மேலே குதித்தார்கள். தங்களுக்குக் கீழே விமான நிலையம் இருப்பதாக அவர்கள் நம்பினார்கள். விமானக் கட்டுப்பாட்டாளர் வேறொரு விமானத்தை இதுவென்று தவறாகக் கருதித் தகவல் சொல்லியிருந்தார். மேகத்தைத் துளைத்து வெளியே வந்தபோது கீழே இருந்தது ஈரி ஏரி. 16 பேர் மூழ்கி இறந்தார்கள். மேகத்தினூடே குதிக்கக் கூடாது என்ற விதியைச் சம்பிரதாயமாக நினைப்பவர்கள் இந்த நாளை நினைவில் கொள்ள வேண்டும்.

1992 ஏப்ரல் 22 அன்று பெர்ரிஸில் ட்வின் ஆட்டர் விமானம் மேலெழுந்த சில நொடிகளில் விழுந்து நொறுங்கியது. விமானத்தில் இருந்த 22 பேரில் 16 பேர் இறந்தார்கள். எரிபொருளில் நீர் கலந்திருந்தது. பிழைத்தவர்களில் ஒருவர் டான் பிராட்ஸ்கி-ஷென்ஃபெல்ட். கழுத்தெலும்பு முறிந்து, வாரக்கணக்கில் நினைவின்றிக் கிடந்த அவர், 1994-இல் தொடங்கிய அரிசோனா ஏர்ஸ்பீடு அணியில் இடம்பெற்று உலகப் பட்டங்களை வென்றார்.

ஒன்றுக்கு மேற்பட்ட விமானங்கள் நெருங்கிப் பறப்பதும் தனி ஆபத்து. 2013 நவம்பரில் விஸ்கான்சினின் சுப்பீரியர் நகருக்கு அருகே, 12,000 அடி உயரத்தில் இரண்டு செஸ்னா விமானங்கள் ஒன்றோடொன்று மோதின. குதிக்கத் தயாராக நின்றிருந்த ஒன்பது பேரும் இரு விமானிகளும் உயிர்தப்பினார்கள். முன்சென்ற விமானத்தின் விமானி தானும் பாராசூட்டில் இறங்க நேர்ந்தது.

அன்றைக்கும் இன்றைக்கும் கருவிகளில் என்ன வேறுபாடு?

முன்னோடிகள் இராணுவத்திலிருந்து வந்த வட்டப் பாராசூட்டுகளையே பெரும்பாலும் நம்பியிருந்தார்கள். இன்று பயன்படும் செவ்வக வடிவப் பாராசூட், அறைகளுக்குள் காற்று நிறைந்து இறக்கையைப் போல் பறக்கக்கூடியது. டொமினா ஜால்பெர்ட் 1960-களில் உருவாக்கியது. பழுதான முதன்மைப் பாராசூட்டை ஒரே இழுப்பில் கழற்றிவிடும் மூன்று வளைய அமைப்பை பில் பூத் வகுத்தார்.

கூட்டுக் குதிப்பைப் பொறுத்தவரை எனக்கு முக்கியமாகத் தோன்றுவது, ஜெர்மானியரான ஹெல்முட் குளோத் உருவாக்கி 1991-இல் வெளிவந்த சைப்ரஸ் கருவி. 750 அடி உயரத்தில் ஒருவர் இன்னும் வினாடிக்கு 35 மீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் விழுந்துகொண்டிருந்தால், அது ரிசர்வ் பாராசூட்டின் கட்டுக்கயிற்றை வெட்டி விரித்துவிடும். கூலிட்ஜில் ஒரு மனிதர் பாய்ந்து போய்ச் செய்ததை, மோதி நினைவிழந்த எவருக்கும் இந்தச் சிறு பெட்டி செய்கிறது. அது கடைசிக் காப்பு மட்டுமே. அது விரிக்கும் என்று காத்திருப்பது தற்கொலைக்குச் சமம்.

எண்களின்படி இது எவ்வளவு ஆபத்தானது?

அமெரிக்காவில் 1970-களில் எல்லா வகை ஸ்கைடைவிங்கையும் சேர்த்து ஆண்டுக்குச் சராசரியாக நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2023-இல் அந்த எண்ணிக்கை 10; 2024-இல், ஏறத்தாழ 38.8 லட்சம் குதிப்புகளுக்கு 9. முன்னேற்றம் மறுக்க முடியாதது. ஆனால் பயிற்சியாளரோடு இணைத்துக் கட்டப்பட்டு ஒருமுறை குதிக்கும் சுற்றுலாப் பயணியும் இந்த எண்ணிக்கையில் அடங்குவதால், நூறு பேர் கொண்ட வடிவத்தை இந்தச் சராசரியால் எடைபோடக் கூடாது.

தலைகீழாகவும், விரிந்த பாராசூட்டோடும் வடிவம் அமைக்கிறார்களாமே?

ஆம். தலைகீழாக விழும்போது வேகம் மணிக்கு 240 கிலோமீட்டரைத் தாண்டும் என்பதால் சிறு பிழைக்கும் விலை அதிகம். 2015-இல் இலினாயின் ஒட்டாவாவில் 164 பேர் இப்படி வடிவம் அமைத்தார்கள். விரிந்த பாராசூட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவது வேறு கலை. 2007-இல் ஃபுளோரிடாவின் லேக் வேல்ஸில் 100 பேர் வைர வடிவில் அடுக்கினார்கள். துணியிலும் கயிற்றிலும் ஒருவர் சிக்கிக்கொள்வதே அதில் பெரிய அபாயம் என்பதால், கயிறறுக்கும் கத்தி எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும்.

சேர விரும்புபவர் எப்படித் தயாராக வேண்டும்?

அமெரிக்க முறைப்படி, 25 குதிப்புகளுக்குப் பிறகே முதல் உரிமம் கிடைக்கிறது. அதன்பின் ஒரு பயிற்சியாளரோடு இருவராக, பிறகு நால்வராக என்று படிப்படியாகச் செல்வதே நல்லது. கீழிருந்து மேலே காற்று வீசும் கூண்டான விண்ட் டனலில் ஒரு மணி நேரம் பறப்பது, அறுபது குதிப்புகளுக்கு ஈடான காற்றுநேரத்தைத் தரும். ஆனால் உயரமானியைப் பார்க்கவும், பிரிந்து விலகவும், பாராசூட்டை இறக்கவும் அந்தக் கூண்டு கற்றுத்தராது. கூண்டில் தேர்ந்த ஒருவர், வானில் தன் திறமைக்கு மிஞ்சிய குழுவில் சேர்ந்துவிடுவதை நான் உண்மையான அபாயமாகப் பார்க்கிறேன்.

15,000 அடிக்கு மேல் செல்லும் குதிப்புகளில், விமானத்திலேயே ஆக்சிஜன் தரப்படும். குறைந்த ஆக்சிஜனில் மூளை மந்தப்படும்போது, தனக்கு ஏதோ ஆகிறது என்பதே அந்த நபருக்குத் தெரியாது. பக்கத்தில் இருப்பவர் கண்ணைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

தரையிறங்கியதும் முதலில் செய்வது என்ன?

எண்ணுவது. சாதனை நிகழ்ந்ததா என்று நடுவர்கள் படங்களை ஆராய்வது பிறகுதான். பாராசூட்டைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வரும் ஒவ்வொருவரும் முதலில் தங்கள் பிரிவின் தலைவரிடம் சென்று தலைகாட்ட வேண்டும். காற்று இழுத்துப்போய் அடுத்த வயலில் இறங்கியவர்கள் நடந்து வரும்வரை அந்தப் பட்டியல் நிறைவடையாது. மைதானத்தில் அதுவரை யாரும் உரக்கப் பேசுவதில்லை. கடைசிப் பெயருக்கு நேரே குறியிட்ட பிறகுதான் குரல்கள் எழும்.